விலையும் சுவையும்

ஒரு பொருளின் விலை அதன் தரத்தைக் காட்டும் கண்ணாடி என்று கருதும் பழக்கம் மனிதரிடத்து ஆழ வேரூன்றியிருக்கின்றது. இப்பழக்கம் செல்வரிடத்தே மட்டும் காணப்படுவதென்றும், சமத்துவக் கொள்கையை ஏற்றுக்கொண்ட எம்போன்றோர் அதனின்று விடுபட்டுவிட்டோமென்றும் நாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில், ஒரு சமையலறை மேசைக்கு முன்னால் உடைந்தது. அதனை உடைத்தது ஒரு மலிவான விஸ்கிப் போத்தல். நடந்ததை நடந்தவாறே எழுதுவது எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தால் இதனை எழுதுகின்றோம்.

மதுவைப் புகழ்வது எமது நோக்கமன்று. குடியினால் அழிந்த தொழிலாளர் குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். மதுபானம் புற்றுநோயை விளைவிக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. ஆயினும், மனிதர் உழைத்து ஆக்கும் பொருள் எதுவாயினும் அதனை ஆராய்ந்து அறிவதில் குற்றமில்லை. ஒரு பொருளை வெறுப்பவரும் அது எவ்வாறு உண்டாகின்றது, எவர் கையால் உண்டாகின்றது என்பதை அறிந்து வெறுப்பதே முறை.

எமது பழைய மாணவர் ஒருவர் லூயிவில் நகரத்தில் அரசாங்கப் பாடசாலையொன்றில் இரசாயனம் கற்பிக்கின்றார். அவர் அழைப்பின்பேரில் அங்கே மூன்று வாரங்கள் தங்கியிருந்தோம். கென்ரக்கிக்கு வந்தவர் போர்பன் விஸ்கியைப் பற்றி அறியாது திரும்புவது யாழ்ப்பாணம் வந்தவர் பனையைப் பாராது போவதற்கு ஒப்பாகும் என்று கூறி, ஒரு மாலை எம்மைக் கடைக்கு அழைத்துச் சென்றார்.

அக்கடையிலே போத்தல்கள் விலைவரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. கண்மட்டத்தில் இருந்தவை விலையுயர்ந்தவை. அவற்றிலும் அரியவை கண்ணாடிப் பேழைக்குள்ளே பூட்டப்பட்டிருந்தன. முழங்கால் மட்டத்துக்குக் கீழே, நிலத்தை ஒட்டிய தட்டிலே, காகத்தின் படம் பொறித்த போத்தல்கள் சில நின்றன. ‘ஓல்ட் குறோ’ என்பது அவ்விஸ்கியின் பெயர். ‘கிழட்டுக் காகம்’ என்று பொருள்படும். அன்றைய விலை பதினைந்து டொலருக்கும் குறைவு. மாணவர் குனிந்து அதனை எடுத்தபோது நாம் சொன்ன வார்த்தைகள் இவை:

“உது அடித்தட்டில கிடக்கிற சாமான். எங்களுக்கு வேண்டாம். மேலுக்குப் பார்ப்பம்.”

அடித்தட்டு! நாற்பது ஆண்டுகளாக மேடைகளிலும் கட்டுரைகளிலும் ‘அடித்தட்டு மக்கள்’ என்று பேசியும் எழுதியும் வந்த வாயிலிருந்தே அச்சொல் இவ்வாறு வெளிப்பட்டது. அந்நேரத்தில் அது எமக்கு உறைக்கவில்லை. மாணவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் மறுமொழி கூறாது அப்போத்தலையும் கூடையில் வைத்தார். மேல்தட்டுக்களிலிருந்து வேறிரண்டு போத்தல்களையும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: “சேர், ஒரு சோதினை வைப்பம். போத்தலைக் காட்டமாட்டன். மூண்டு கிளாஸ் தருவன். நீங்கள் புள்ளி போடுங்கோ.”

இசைந்தோம். மூன்று சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. நிறத்தில் மூன்றும் செம்மஞ்சள். ஒன்றைவிட மற்றது சிறிது கருமை கூடியது. இவ்வகைப் பரீட்சையின் முறையையும் அவரே கற்பித்தார். மூக்கை ஒரேயடியாகக் கிண்ணத்துள் நுழைக்கலாகாது. மதுசாரத்தின் ஆவி மணப்புலனை மரத்துப்போகச் செய்துவிடும். வாயைச் சிறிது திறந்தபடி, கிண்ணத்தின் விளிம்பிலே மணத்தை ஏற்க வேண்டும். முதல் மிடறு நாவைப் பழக்குவதற்கு. இரண்டாம் மிடறே தீர்ப்புக்குரியது. பின்னர் சில துளி நீர் விட்டு மீண்டும் சுவைக்க வேண்டும்.

முதற் கிண்ணத்திலே அவித்த சோளத்தின் மணம் முன்னுக்கு வந்தது. அதன் பின்னே வறுத்த கச்சானின் மணம். நாவில் இனிப்பு, தொண்டையில் சுள்ளென்ற காரம். சுவை நெடுநேரம் நிற்கவில்லை. வந்தது, உடனே போய்விட்டது. நீர் விட்டபோது காரம் தணிந்தது; உடலும் மெலிந்தது. ‘இளமையானது, மெல்லியது, ஆயினும் குறையென்று வெறுக்க ஒன்றுமில்லை’ என்று குறித்து, எமது பரீட்சை முறைப்படி ‘சாதாரண சித்தி’ வழங்கினோம்.

இரண்டாம் கிண்ணம் எம்மை வியக்கவைத்தது. வறுத்த தேங்காய்ப்பூவின் மணமும், கராம்பின் மணமும், வனிலாவின் இனிமையும் ஒன்றையொன்று மறைக்காமல் எழுந்தன. விழுங்கிய பின்னரும் சுவை சிறிது நேரம் நின்றது. ‘திறமைச் சித்தி’ என்று எழுதினோம்.

மூன்றாம் கிண்ணத்தில் மரமே மேலோங்கி நின்றது. நெடுநேரம் ஊறவிட்ட தேயிலைச் சாயத்தைப் போல நாவை வறளச்செய்யும் துவர்ப்பும் கசப்பும் இருந்தன. மூன்றுள் மலிவானது இதுவே என்று உறுதியாக முடிவுசெய்து, ‘சித்தியடையவில்லை’ எனக் கோடிட்டோம்.

மாணவர் போத்தல்களைக் கொண்டுவந்து கிண்ணங்களுக்கு முன்னே வைத்தார். முதலாவது கிழட்டுக் காகம். இரண்டாவது நடுத்தர விலையுடையது. நாம் தோற்கடித்த மூன்றாவதோ பன்னிரண்டு ஆண்டுகள் பீப்பாவில் கிடந்தது. காகத்தைப்போல் பத்து மடங்கு விலையுடையது.

இதுவரை நடந்ததில் வெட்கப்பட அதிகமில்லை. பழகாத நாவு பிழைவிடுவது இயல்பு. வெட்கம் அடுத்த நிமிடத்திலேயே வந்தது. விலையைக் கேட்டதும் எமது கை தானாகவே மூன்றாம் கிண்ணத்தை நோக்கி நீண்டது. மீண்டும் ஒரு மிடறு பருகினோம். ‘இல்லை, இதில் ஓர் ஆழம் இருக்கின்றது, முதலில் நாம் கவனிக்கவில்லை’ என்றோம். அதே துவர்ப்பு, அதே கசப்பு. சற்று முன்னர் குற்றமாயிருந்தது இப்போது குணமாய்விட்டது.

மாணவர் சிரித்தார். “ருசி மாறேல்லை, சேர். விலை தெரிஞ்சிட்டுது, அவ்வளவுதான்.”

அவர் எம்மைத் தேற்றுவதற்காக ஓர் ஆராய்ச்சியை எடுத்துக் கூறினார். 2008ஆம் ஆண்டு கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். இருபது பேருக்கு வைன் கொடுத்து, மூளையின் தொழிற்பாட்டையும் கருவியால் அவதானித்தனர். ஒரே வைனை ஒருமுறை பத்து டொலர் என்றும் மற்றொருமுறை தொண்ணூறு டொலர் என்றும் கூறிக் கொடுத்தபோது, விலை கூடியதாகச் சொல்லப்பட்ட வேளையிலே அதிகச் சுவையுடையதென்று அவர்கள் கூறினர். அவ்வாறு பொய் கூறினார்கள் என்பதல்ல; இன்பத்தை உணரும் மூளைப்பகுதியே அவ்வேளையில் அதிகமாகத் தொழிற்பட்டது. அதாவது, விலைச்சீட்டு நாவுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றது. இது எமக்கு ஆறுதல் தரவில்லை. நாவுக்குள் விலை புகுமாயின், கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் அது புகாதென்பதற்கு என்ன உறுதி? ஒரு மனிதரை நாம் மதிக்கும்போதும் அது புகுந்திருக்குமல்லவா?

அன்றிரவு நித்திரை வரவில்லை. மறுநாட் காலை மாணவரிடம், இம்மலிவுப் பொருளைப் பற்றி உனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் சொல்லு என்று கேட்டோம். அடுத்து வரும் நாட்களில் அவர் சொல்லியும், நாம் நேரிற் கண்டும், படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

போர்பன் என்ற பெயரைத் தாங்குவதற்கு அமெரிக்கச் சட்டம் நிபந்தனைகள் பல விதித்திருக்கின்றது. அது அமெரிக்காவிலேயே ஆக்கப்பட வேண்டும். தானியக் கலவையிலே நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கேனும் சோளம் இருத்தல் வேண்டும். எஞ்சியது பெரும்பாலும் றை தானியமும் முளைகட்டிய வாற்கோதுமையுமாம். வடிக்கும்போது மதுசாரம் நூற்றுக்கு எண்பதை விஞ்சலாகாது. உட்புறம் கரியாகச் சுடப்பட்ட புதிய ஓக் மரக்கலத்திலேயே, நூற்றுக்கு 62.5க்கு மேற்படாத செறிவோடு அதனை இட வேண்டும். போத்தலில் அடைக்கும்போது நாற்பதுக்குக் குறையலாகாது. ‘நேர் போர்பன்’ என்று பெயரிட வேண்டுமாயின் இரண்டு ஆண்டுகளாவது பீப்பாவில் இருந்திருத்தல் வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கலாகாது. நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்ததாயின் வயதைப் போத்தலிலே அச்சிட வேண்டும். காகத்தின் போத்தலில் மூன்று ஆண்டு என்று அச்சிட்டிருந்தது.

இந்நிபந்தனைகள் நூறு டொலர்ப் போத்தலுக்கும் பத்து டொலர்ப் போத்தலுக்கும் ஒன்றேயாம். இதனை மனங்கொளல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவில் விஸ்கியென்று விற்கப்பட்டவற்றுட் பல, வெறும் மதுசாரத்தோடு நிறத்தையும் மணத்தையும் கலந்தவையாயிருந்தன. கலப்படத்தின் கேடு வறியவரையே முதலில் தாக்கும். செல்வர் நம்பிக்கையான இடத்தில் வாங்குவர். 1897ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில் ஒரே பருவகாலத்தில் வடிக்கப்பட்டு, அரசாங்கக் கண்காணிப்பிலுள்ள பண்டகசாலையில் நான்கு ஆண்டுகளேனும் இருந்த விஸ்கிக்கு அரசாங்கம் உறுதி வழங்க அது வழிசெய்தது. 1906இலே தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறிற்று. ‘விஸ்கி என்பது யாது’ என்ற வழக்கு ஓயாது நீடிக்க, 1909ஆம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி வில்லியம் ராப்ற் தாமே தீர்ப்புக் கூறினார்: நேர் விஸ்கியை நேர் விஸ்கியென்றும், கலந்ததைக் கலப்பு விஸ்கியென்றும் வெளிப்படையாக எழுதி விற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இச்சட்டங்களின் பின்னே தூய பொதுநலம் மட்டுமே நின்றதென்று நாம் கருதவில்லை. கலப்பு வியாபாரிகளோடு போட்டியிட்ட பெரிய வடிசாலைக்காரரின் ஆதாயமும் அங்கே இருந்தது. ஆயினும், பலன் யாதெனில், அடித்தட்டிலிருந்து போத்தலை எடுக்கும் தொழிலாளிக்கும் அதே வாக்குறுதி கிட்டியது. மலிவானது பொய்யானதாய் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று. பொதுச் சட்டம் இல்லாதவிடத்து மலிவு என்பது ஏமாற்று. சட்டம் உள்ளவிடத்து மலிவு என்பது வெறும் விலை.

அப்படியாயின் விலை எதனால் வேறுபடுகின்றது? முதற் காரணம் காலம். சுட்ட மரத்தினுள்ளே கோடைவெப்பத்தில் மது ஊடுருவுகின்றது, குளிரிலே திரும்புகின்றது. மரத்தின் இலிக்னின் சிதைந்து வனிலா மணம் தரும் வனிலின் பிறக்கின்றது. வெள்ளை ஓக் மரத்தில் இயல்பாகவுள்ள இலாக்ரோன் என்னும் பொருளே தேங்காய் மணத்தைத் தருவது. கராம்புக்கு அதன் மணத்தைக் கொடுக்கும் இயூஜினோலும் அம்மரத்தில் உண்டு. எமக்கு ஊரை நினைவூட்டிய மணங்களுக்குரிய காரணத்தை மாணவர் இவ்வாறு விளக்கினார். காலம் கூடக்கூட இவை கூடும். ஆனால் ஓர் எல்லைக்குமேல் மரத்தின் துவர்ப்பும் கூடும். மூன்றாம் கிண்ணத்தில் எமது நாவு கண்டது அதனையே. ஆகவே முதுமை தன்னளவிற் சிறப்பன்று.

காலத்துக்குச் செலவும் உண்டு. பீப்பாவிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை ஆவியாகிப் போகின்றது. ‘தேவதூதரின் பங்கு’ என்று அதற்குப் பெயர். பத்தாண்டுகளில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ இவ்வாறு மறையும். இது நியாயமான விலையேற்றம். ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிய போத்தல்களின் விலையை இக்கணக்கு விளக்காது. அங்கே விற்கப்படுவது அருமை. பிறரிடம் இல்லாதது எம்மிடம் இருக்கின்றது என்ற பெருமை. அதனோடு ஒரு கதை.

கதைகளைப் பற்றியே இனிச் சொல்ல வேண்டும். ஓல்ட் குறோ என்ற பெயர் ஸ்கொட்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் குறோ என்பவரிடமிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்ரக்கிக்கு வந்த அவர், ஒஸ்கார் பெப்பர் என்பவரின் வடிசாலையிலே பல்லாண்டு பணிபுரிந்து 1856இல் இறந்தார். வடித்தபின் எஞ்சும் புளித்த காடியிற் சிறிதை அடுத்த கலவையிற் சேர்த்தால், அதன் புளிப்பு வேண்டாத நுண்ணுயிர்களைத் தடுத்து, நொதித்தலை ஒரே சீராக்கும். இம்முறையை அவர் முதன்முதற் கண்டுபிடித்தார் என்பதற்கில்லை. அளவுகருவிகளைக் கொண்டு, குறிப்பெழுதி, ஒழுங்குபடுத்தினார் என்பதே அவர் பெருமை. கைப்பழக்கமாக இருந்ததை விஞ்ஞானமாக்கியவர்களுள் அவர் ஒருவர். அத்தகையவரின் பெயர் இன்று அடித்தட்டில் நிற்கின்றது. 1950களில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற போர்பன்களுள் ஒன்றாக அது இருந்தது. மார்க் ட்வெய்ன் போன்ற பெரியோரின் உருவங்கள் அதன் விளம்பரங்களிலே தோன்றின. 1987இல் அப்பெயர் ஜிம் பீம் விஸ்கியை ஆக்கும் நிறுவனத்துக்குக் கைமாறிற்று. பழைய வடிசாலை மூடப்பட்டது. பெயரும் படமும் விற்பனைக்குரியனவாய் எஞ்சின, வேலைத்தலம் எஞ்சவில்லை.

குறோவின் பெயராவது எஞ்சிற்று. பெப்பர் குடும்பத்தார் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்கள். அந்நாளைய கென்ரக்கி வடிசாலைகளில் விறகு வெட்டியவர், தானியம் அரைத்தவர், கொதிகலத்தைக் காத்தவர் ஆகியோருள் பலர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பு மக்களே. அவர்களுள் எவர் பெயரையும் நாம் எந்தப் போத்தலிலும் காணவில்லை. அயல் மாநிலமான ரெனசியில் ஜாக் டானியல் என்ற சிறுவனுக்கு விஸ்கி வடிக்கக் கற்பித்தவர் நியரெஸ்ற் கிறீன் என்னும் அடிமை மனிதர். கற்றவரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. கற்பித்தவரின் பெயரோ, பெரும்பாலோர் அறிய வந்தது 2016ஆம் ஆண்டிலேயே. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இதனைக் கேட்டுச் சும்மா இருத்தல் இயலாது.

இன்றைய கைகளையும் காண விரும்பினோம். பார்ட்ஸ்ரவுன் என்னும் ஊரைச் சுற்றி, பல மாடிகளையுடைய பண்டகசாலைகள் வயல்நடுவே நிற்கின்றன. ஆவியாகும் மதுசாரத்தை உண்டு வளரும் ஒருவகைப் பங்கசு அவற்றின் சுவர்களையும் அயலிலுள்ள மரங்களையும் கரிபூசியதுபோற் கறுப்பாக்கியிருக்கின்றது. சில இடங்களில் அயலவர் வீடுகளும் கறுத்து, முறைப்பாடுகள் எழுந்தன. நிரம்பிய பீப்பா ஒன்றின் நிறை ஐந்நூறு இறாத்தலுக்குக் குறையாது. அதனை உருட்டி, தட்டிலேற்றி, ஆண்டுகள் கழித்து இறக்குபவர் தொழிலாளரே. ‘காலம் ஆக்கிய சுவை’ என்று விளம்பரம் கூறும். காலம் பீப்பாவை உருட்டுவதில்லை.

அத்தொழிலாளர் மௌனமாகவும் இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில், கிளெர்மொன்ற், பொஸ்ரன் என்னும் கென்ரக்கி ஊர்களிலுள்ள ஜிம் பீம் ஆலைகளின் தொழிலாளர் இருநூறுக்கு மேற்பட்டோர், நிரந்தரத் தொழிலாளரை நியமியாது தற்காலிகத் தொழிலாளரைக் கொண்டு வேலைவாங்குவதையும் நீண்ட வேலைநேரத்தையும் எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். காகம் பொறித்த போத்தலும் அதே நிறுவனத்தினதே. 2018இல் போர் றோசஸ் தொழிலாளர், புதிதாகச் சேர்வோருக்குச் சலுகைகளைக் குறைக்கும் இரட்டை ஏற்பாட்டை எதிர்த்து வெளியேறினர். தமக்கல்ல, இனி வரப்போகிறவர்களுக்காக அவர்கள் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2021இல் பார்ட்ஸ்ரவுனில் ஹெவன் ஹில் நிறுவனத்தின் தொழிலாளர் ஏறத்தாழ நானூற்றிருபதுபேர், மருத்துவக் காப்புறுதி பற்றியும் வார இறுதி வேலை பற்றியும் ஆறு வாரங்கள் போராடினர்.

மாணவர் மற்றொன்றையும் காட்டினார். பண்டகசாலையில் முதிரும் ஒவ்வொரு பீப்பாவுக்கும் கென்ரக்கியில் சொத்துவரி உண்டு. அவ்வரி உள்ளூர்ப் பாடசாலைகளுக்கும் தீயணைப்புச் சேவைகளுக்கும் பயன்பட்டு வந்தது. 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, அவ்வரியை 2026 தொடக்கம் படிப்படியாகக் குறைத்து 2043இல் முற்றாக நீக்க வகைசெய்கின்றது. விஸ்கித் தொழில் செழித்த காலத்திலேயே அதன் பங்கைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து விலக்க வேண்டிய நியாயம் என்ன என்பது அவர் கேள்வி. ஒரு போத்தலின் விலைக்குள் எவையெவை அடங்குகின்றன, எவையெவை விலக்கப்படுகின்றன என்பதை அறிய இது நல்ல பாடம்.

இவ்வளவையும் கேட்டு நின்றபோது எமது நினைவு ஊரை நோக்கிச் சென்றது. சிறுவயதில் எமது வளவிலே நின்ற பனைகளைச் சீவுவதற்கு முதியவர் ஒருவர் வருவார். இறக்கிய கருப்பணியைப் பனையோலைப் பிளாவில் எமக்கு வார்ப்பார். அதன் இனிமையை நாம் இன்னும் மறக்கவில்லை. எமது வயதைப்போல் ஐந்து மடங்கு வயதுடைய அவரை நாம் ‘நீ’ என்று ஒருமையில் அழைத்தோம். அவரோ எம்மைச் ‘சின்ன நயினார்’ என்றார். அவர் இறக்கிய கள்ளை எமது வீட்டுப் பெரியவர்கள் நாவிலிட்டுப் பார்த்து, இது நல்லது, இது புளித்தது என்று தீர்ப்புக் கூறுவர். வார்த்தவர் படலைக்கு அப்பால் நிற்பார். அவர் கையிலிருந்து பெற்றதைக் குடிக்கலாம். அவர் எமது பேணியில் குடிக்கலாகாது.

அந்நாளில் எமது ஊர்த் தேநீர்க்கடைகளிலும் இதுவே நிலை. ஒருசாராருக்குப் பேணியும் கிளாசும். மற்றொருசாராருக்குப் போத்தலும் தகரமும். உள்ளே இருந்தது ஒரே தேநீர். கிண்ணம் வேறாயிற்று, மனிதர் வேறென்று காட்டுவதற்காக. 1960களிலே தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடந்தபோது நாம் மாணவர்களாயிருந்தோம். அப்போராட்டங்களாலேயே இடதுசாரிக் கொள்கைக்கு வந்தோம். கிண்ணத்தைப் பாராது உள்ளிருப்பதைப் பார் என்பதே நாம் கற்ற முதற் பாடம். அரைநூற்றாண்டின் பின்னர், அப்பாடத்திலேயே நாம் தவறினோம்.

அம்முதியவர் ஒருநாள் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. எமது பாட்டனார் கள்ளின் சுவையைப் பற்றி நீண்ட விளக்கம் கூறிக்கொண்டிருந்தார். முதியவர் மெல்ல எம்மிடம் சொன்னார்: “குடிக்கிறவைக்கு ருசி தெரியும், சின்ன நயினார். மரத்தை ஏறுறவனுக்கெல்லோ தெரியும்.” அதனை அன்று வேடிக்கையாக எண்ணினோம்.

புறப்படுவதற்கு முந்திய இரவு, காகத்தின் போத்தலை மீண்டும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னோம். இம்முறை மறைக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. விலையும் தெரியும், வயதும் தெரியும், எவர் உழைப்பென்பதும் ஓரளவு தெரியும். மெல்லச் சுவைத்தோம். அது முன்னரைவிடச் சிறந்ததாகத் தோன்றவில்லை. அனுதாபத்தால் சுவை கூடுமாயின் அதுவும் விலைச்சீட்டைப் போன்ற மயக்கமே. அதே அவித்த சோளம், அதே கச்சான், அதே இளங்காரம், அதே குறுகிய முடிவு. மூன்று ஆண்டில் மரம் தரக்கூடியதை அது பெற்றிருந்தது. பெறாததைப் பெற்றதாக நடிக்கவில்லை. ‘சாதாரண சித்தி’ என்று எழுதியது சரியே. அத்தீர்ப்பை மாற்றவேண்டிய அவசியம் இல்லை. மாற்றவேண்டியது மூன்றாம் கிண்ணத்தைப் பற்றி விலையறிந்தபின் கூறிய தீர்ப்பையே.

மாணவர் கேட்டார்: “அப்ப, சேர், எது நல்லது?”

இரண்டாவதே என்றோம். உண்மை அதுதான். மலிவானதே சிறந்தது என்று வாதிப்பது, விலையுயர்ந்ததே சிறந்தது என்று வாதிப்பதன் மறுபக்கம். இரண்டிலும் விலையே நீதிபதி. மலிவானதற்கு நாம் செய்ய வேண்டிய நியாயம் அதனைப் புகழ்வதன்று. விலை கூடியதற்குக் கொடுக்கும் அதே கவனத்தை அதற்கும் கொடுத்து, அதே அளவுகோலால் அளப்பதே.

ஊர் திரும்பியபின், இச்சம்பவத்தை நண்பர் சிலருக்குக் கூறினோம். நகைத்தனர். பின்னர் ஒருவர், தாம் மாணவரின் விடைத்தாளைத் திருத்தும்போது முதலில் பாடசாலையின் பெயரைப் பார்ப்பதுண்டு என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். அதன்பின் எவரும் நகைக்கவில்லை. பொதுப் பரீட்சைகளிலே விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இடும் வழக்கம் ஏன் வந்தது என்பதை அன்று நன்கு உணர்ந்தோம். எமது கையைப் பற்றி எமக்கே ஐயம் இருத்தல் வேண்டும். அவ்வையம் குறைந்துபோன ஒரு மாலையிலேதான், அடித்தட்டை நோக்கிக் குனிய நாம் மறுத்தோம்.